சொன்னவன் கெதல்யா

என் கணவர் செராகியாவைப் பற்றி சபேத் ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். அவருக்கு வந்த கேடே அதுதான். வீட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான். என் பங்கும் இதில் உண்டு.

செராகியாவும் கெதல்யாவும் சலோனிகாவிலிருந்து ஒரே கப்பலில், ஒரே போர்வைக்குள் சுருண்டு வந்து சேர்ந்த பிள்ளைகள். வளர்ந்தபின் இவர் கம்பளித் துணி வியாபாரம் பார்த்தார், அவர் சாயப்பட்டறை வைத்தார். சனிக்கிழமை ஓய்வு நாளன்று கெதல்யா வெள்ளை உடுப்பில் ஜெப ஆலயத்துக்கு வந்தாலும் முழங்கைவரை கை நீலமாகத்தான் இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதோடு அவருக்கு வாய் திக்கும். நாலு பேர் கூடிவிட்டால் இன்னும் மோசம். அதனால் ஆலயத்தில் எப்போதும் கதவோரமாக உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் ஊரில் அப்போது கபாலா என்ற யூத மறைஞானம் படிக்காத தெருவே இல்லை. ஆதியில் கடவுள் எங்கும் தானே நிறைந்திருந்தார், உலகுக்கு இடம் கொடுக்கத் தன்னைச் சுருக்கிக்கொண்டார் என்பது அவர்கள் பேச்சு. "அ... அவரே ஒதுங்கி இடம் விட்டிருக்காரு. மனுஷன் மட்டும் காலை அகட்டிக்கிட்டு உக்காரலாமா?" என்பார் கெதல்யா.

இவர்கள் இருவரும் இன்னும் நாலு பேருமாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு ஒரு குழு வைத்திருந்தார்கள். யாரும் தன்னை மற்றவனைவிடப் பெரியவனாக நினைக்கக் கூடாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிற்பகலில் கூடி, அந்த வாரம் மனசு எங்கெங்கே 'நான், நான்' என்று தலைதூக்கியதோ அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கூடுவது எங்கள் வீட்டில்தான். நானும் கெதல்யாவின் மனைவி ஓரோவும் அடுக்களையில் ஓய்வு நாளுக்குச் சமைத்தபடியே கேட்டுச் சிரிப்போம். "பெரிய பாவம்தான்! கழுதைக்காரனைத் திட்டினாராம்" என்பாள் ஓரோ. "என்னைத் திட்டினதுக்கு என்னிக்கு அழப் போறாரு?"

ஒரு வசந்தகாலத்தில், பாஸ்கா பண்டிகை முடிந்த வாரம், கெதல்யா மத்தியான வேளையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ரொட்டியும் வெங்காயத் தோலில் வேகவைத்த முட்டையும் வைத்தேன். அவர் சாப்பிடவில்லை.

"டேய், ஆதியில கடவுளோட ஒளி இறங்கி வந்தப்போ அதை ஏந்த வச்ச பாத்திரமெல்லாம் உ... உடைஞ்சுதே, ஏன்?"

"ஒளியோட கனம் தாங்கல. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் செராகியா.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நேத்து ஊத்துலேருந்து என் பட்டறைவரைக்கும் பொம்பளைங்க வ... வரிசையா நின்னு குடத்தைக் கைமாத்திக்கிட்டிருந்தாங்க. நடுவுல ஒருத்தி கொடுக்காம இடுப்புலயே வச்சுக்கிட்டு நின்னா. அடுத்த குடமும் வந்துச்சு. அதையும் வாங்கினா. ரெண்டும் போச்சு." சொல்லச் சொல்ல அவருக்குத் திக்கல் குறைந்துகொண்டே வந்தது. "கனம் இல்லடா காரணம். எனக்கு எனக்குன்னு வச்சுக்கிட்டதுதான். வாங்க மட்டும் கை இருந்தா அது பாத்திரம். வாங்கிக் கொடுக்கவும் தெரிஞ்சா வாய்க்கால். பாத்திரம் உடையும், வாய்க்கால் உடையாது."

"மழைக்காலத்துல வாய்க்கால் உடையலையா?"

"நடுவுல எவனாவது அ... அடைச்சிருப்பான், போய்ப் பாரு."

செராகியா எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டார். இவர் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். அதில் பொய் இல்லை.

"இதை வர்ற ஓய்வு நாள்ல சபையில சொல்லுடா."

"நானா? நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த ஓய்வு நாள் வந்துடும். நீ சொல்லு. உனக்குத்தான் தொண்டை இருக்கு."

அப்படித்தான் அது இவர் வாய்க்கு வந்தது. கேட்டதைச் சொன்னவன் பெயரோடு சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குப் பாலோடு புகட்டுவது. இவரும் அப்படிச் சொல்லத்தான் எழுந்தார். அன்றைக்குத் தமஸ்கிலிருந்தும் இஸ்தான்புல்லிலிருந்தும் வந்த அறிஞர்கள் சபையில் இருந்தார்கள். நான் பெண்கள் பகுதியின் மரத்தட்டி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் பேசப் பேச ஆலயம் அடங்கிப்போயிற்று. பாத்திரம் உடையும், வாய்க்கால் உடையாது என்றதும் தலைவர் ரபி ஷால்தியேல் அழுதபடி எழுந்து வந்து இவர் நெற்றியில் முத்தமிட்டார். "உனக்கு இது எங்கேருந்து கிடைச்சுதப்பா?" என்று கேட்டார்.

செராகியா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு தலையைக் குனிந்தார். 'மேலேயிருந்து கிடைத்தது' என்று சபை அதை எடுத்துக்கொண்டது.

கதவோரம் கெதல்யா சிரித்த முகமாகவே உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில் நின்ற ஓரோ என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜெபப் புத்தகத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், "ஏங்க, அவர் பேரை விட்டுட்டீங்களே?"

"தெரியும். வாய்ல வந்துச்சு, நின்னுடுச்சு. வெள்ளிக்கிழமை எல்லாரும் இருக்கறப்போ சொல்லிடறேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. எண்ணெய்க்காரனிடம் கோபப்பட்டதையும் ஜெபத்தில் தூங்கிவிட்டதையும் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டார். மற்றது வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அதற்குள் தமஸ்கிலிருந்து, அந்த உபதேசத்தை எழுதி அனுப்பும்படி கடிதம் வந்துவிட்டது. நாள் போகப்போகச் சொல்வது கடினமாயிற்று. முதல் வாரம் சொல்லியிருந்தால் மறதி. மூன்றாம் மாதம் சொன்னால் திருட்டு.

கெதல்யா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இவரை அறுத்தது. ஒரு வெள்ளிக்கிழமை தன் முறை வந்ததும் திடீரென்று கெதல்யா பக்கம் திரும்பினார்.

"உன்கிட்ட ஒரு குறை இருக்கு. நீ எப்பவும் பேசாம உக்காந்திருக்க. பாக்கறவங்க அதைத் தாழ்மைன்னு நினைக்கிறாங்க. வாய மூடிக்கிட்டு எல்லாரையும் எடை போடறியே, அதுவும் அகங்காரம்தான்."

அடுக்களையில் ஓரோவின் கையிலிருந்த கத்தி நின்றது. கெதல்யா நெடுநேரம் திக்கினார். கடைசியில் "இ... இருக்கலாம். பாக்கறேன்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு ஓரோ அரைவேக்காட்டுக் கடலைப் பானையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப்பின் அவள் எங்கள் அடுக்களைக்கு வரவில்லை.

கெதல்யா மட்டும் வந்துகொண்டிருந்தார். இவர்தான் நின்றுவிட்டார். அந்த நேரத்துக்கு ரபி கூப்பிட்டிருக்கிறார், விருந்தாளி வந்திருக்கிறார் என்று சொல்லி வெளியே கிளம்பிவிடுவார். கெதல்யா வந்து முற்றத்தில் காத்திருந்து, "நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லு தங்கச்சி" என்று போவார். மற்ற நாலு பேரும் மெல்லக் கழன்றுகொண்டார்கள்.

செராகியாவை ஆலயத்தில் தெற்குச் சுவரோரம், பெரியவர்கள் இருக்கும் பலகைக்கு மாற்றினார்கள். அவரோ வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருந்தார், கோணியைப் போர்த்திக்கொண்டார், யாராவது புகழ்ந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார். குற்றம் உள்ளே தின்றுகொண்டிருந்தது. ஊருக்கு அது தெரியுமா? "இவ்வளவு பெரிய ஞானி, என்ன தாழ்மை!" என்றார்கள். தாழ்மைக்கும் பெயர் வாங்கிவிட்டார்.

நான் மட்டும் யோக்கியமா? குளியல் கூடத்தில் பெண்கள் எனக்கு வழிவிட்டார்கள். பொது அடுப்பில் ஓய்வு நாள் பானை வைக்கும்போது, நன்றாகச் சூடேறும் நடு இடம் எனக்குத்தான். ஓரோ தன் பானையை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவாள். நடு இடத்தை அவளுக்குக் கொடுத்திருக்கலாம். ஒரு நாளும் கொடுக்கவில்லை. அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் வருஷம் கோடையில் கொள்ளைநோய் வந்தது. அப்போது இவர் தமஸ்கில் இருந்தார், அதே உபதேசத்தை விளக்கிச் சொல்ல அழைத்திருந்தார்கள். கெதல்யா திங்கட்கிழமை அக்குளில் கட்டியோடு படுத்தார், புதன்கிழமை மண்ணுக்குள் போனார். ஓரோவின் வாசலில் நின்றேன். அவள் உள்ளே கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

"மூணு தடவை கேட்டாரு, செராகியா வந்துட்டானான்னு" என்றாள். "நாளைக்கு வந்துடுவாருன்னு மூணு தடவையும் பொய் சொன்னேன்."

பன்னிரண்டு நாள் கழித்துத்தான் இவர் வந்தார். கழுதையிலிருந்து இறங்குமுன்பே சொல்லிவிட்டேன். கால் தரையில் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள், "ரெய்னா, உயிரோட இருந்தப்போ ஒரு வார்த்தை போதும். இப்போ பத்துப் பேர் வேணும்" என்றார்.

செத்தவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், அவர்கள் முன்னால் குற்றத்தைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் முறை. முதலில் ரபி ஷால்தியேலிடம் போனார். நானும் கூடப் போய் வாசலில் நின்றேன்.

"'பாவம் பண்ணினேன்'னு பொதுவாச் சொல்லு, போதும்" என்றார் ரபி. "விவரமெல்லாம் எதுக்கு? அந்த உபதேசத்தால எத்தனை பேர் திருந்தியிருக்காங்க. இப்போ போய் அதுல சேத்தை வாரி இறைக்கணுமா?"

"உபதேசத்துல சேறு இல்ல ரபி. என்மேலதான்."

பத்துப் பேரைச் சேர்க்க அவர் கஷ்டப்படவே இல்லை. கேட்டவர்களெல்லாம் சந்தோஷமாக வந்தார்கள். செராகியாவின் மனவருத்தத்தைப் பக்கத்திலிருந்து பார்ப்பதே புண்ணியம் என்று நினைத்தார்கள். மேற்குச் சரிவில், வெள்ளையடித்த கல்லறைகளுக்கு நடுவே இன்னும் மண் இறுகாத மேட்டருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நாங்கள் பெண்கள் இருபது அடி தள்ளிக் கீழே நின்றோம். ஓரோ வரவில்லை.

"இஸ்ரவேலின் கடவுளுக்கும் இந்தக் கெதல்யாவுக்கும் எதிரா நான் பாவம் பண்ணினேன். பாத்திரம், வாய்க்கால்னு நான் சொன்னது எதுவும் என்னுது இல்ல. என் வீட்டுல உக்காந்து இவன் சொன்னது. நான் இவன் பேரை முழுங்கிட்டேன். முழுங்கினது வெளிய வந்துடுமோங்கற பயத்துல இவனை எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தினேன். வாசல்ல வந்து நின்னவனைப் பாக்காம ஓடினேன். சொன்னவன் நான் இல்ல. சொன்னவன் கெதல்யா."

பத்துப் பேரும் முறைப்படி "மன்னிக்கப்பட்டது" என்று மூன்று தடவை சொன்னார்கள். சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு கிழவர் ஒருவர் இவர் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

"செத்த சிநேகிதனுக்குத் தன் மகுடத்தையே கழட்டிக் கொடுக்கறாரே! இப்படி ஒரு மனுஷனை எங்க பாத்திருக்கோம்?"

"இல்லைங்க, நிஜமாவே..."

"சரிங்க, சரிங்க. நீங்க வேற எப்படிச் சொல்வீங்க?" என்று இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தத் திக்குவாய்ச் சாயக்காரரா இதைச் சொன்னாரு? பாவம், நல்ல மனுஷன்தான்."

செராகியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர்கூட நம்பவில்லை. அப்போது என்னைப் பார்த்துக் கத்தினார். "ரெய்னா! நீ அங்க இருந்தியே, சொல்லு!"

எல்லாரும் திரும்பினார்கள். சொல்லியிருக்க வேண்டும். குளியல் கூடம், அடுப்பு, எனக்கு வழிவிடும் பெண்கள் என்று என்னென்னவோ மனதில் ஓடியது. நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். அழுகிறாள் பாவம் என்று பக்கத்தில் இருந்தவள் என் தோளைத் தடவினாள்.

வீட்டில் இவர் என்னைத் திட்டவில்லை. "என்கிட்டேருந்துதானே கத்துக்கிட்ட" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை பொது அடுப்பில் பெண்கள் எல்லாரும் பானையோடு நின்றபோது சொன்னேன். நான் வைத்த முட்டை ஆறிப்போனதுவரை, அவர் திக்கித் திக்கிச் சொன்னதுவரை சொன்னேன். கல்லறையில் வாயைத் திறக்காததையும் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "புருஷனுக்கேத்த பொண்டாட்டி. அவர் பேச்சைத் தட்ட முடியுமா இவளால?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி எனக்காக நடு இடத்தை ஒதுக்கிவிட்டாள்.

நான் பானையை எடுத்துக்கொண்டு ஓரோவிடம் போனேன். "நீ சொல்லு ஓரோ. நீ சொன்னா நம்புவாங்க."

"எதுக்கு?" என்றாள். அவள் கோபப்படவில்லை, களைத்திருந்தாள். "உங்களுக்கு நெஞ்சு லேசாகணும், அதுக்கு நான் வந்து சாட்சி சொல்லணுமா? அவருக்கு அந்தப் பேச்சு போனதுல வருத்தமே இல்லடி. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, 'செராகியா என்னமாச் சொன்னான், என் வாயில அது செ... செத்திருக்கும்'னு குதிச்சாரு. நான்தான் சண்டை போட்டேன். அவன் பேசமாட்டேங்கறான், அவன் என்னைப் பாக்கமாட்டேங்கறான், இது ஒண்ணைத்தான் சொல்லிச் சொல்லி அழுதாரு. தான் என்ன தப்புப் பண்ணினோம்னு வாராவாரம் யோசிச்சாரு. எழுதிக்கூட வச்சாரு. போய் உன் புருஷன்கிட்ட சொல்லு."

சொன்னேன். அன்றைக்கு அவர் அழுத மாதிரி அதற்கு முன்னாலோ பின்னாலோ அழுது நான் பார்த்ததில்லை. உபதேசத்தைத் திருடினோம் என்று மூன்று வருஷமாக அதையே சுமந்துகொண்டிருந்தார். கெதல்யாவுக்கு வலித்ததோ வேறு எங்கேயோ. "என் பாவத்தைப் பாக்கறப்பகூட நான் என்னையேதான் பாத்துக்கிட்டிருந்திருக்கேன்" என்றார்.

அதற்குப்பின் இஸ்தான்புல், தமஸ்கு, சலோனிகா என்று உபதேசம் போன ஊருக்கெல்லாம் கெதல்யாவின் பெயரைப் போடும்படி கடிதம் எழுதினார். பலரும் பதில் போடவில்லை. வந்த ஒன்றிரண்டு பதிலிலும் இவருடைய அடக்கத்துக்குப் பாராட்டுதான். தெற்குச் சுவர்ப் பலகையை விட்டுக் கதவோரம் போய் உட்கார்ந்தார். அந்தப் பலகையை மரியாதைக்காகக் காலியாகவே வைத்தார்கள். முதலில் அதையெல்லாம் பார்த்துப் பதறினார், யாரைப் பார்த்தாலும் விளக்கினார். பிறகு விளக்குவதை விட்டுவிட்டார்.

கெதல்யாவுக்கு மகன் இல்லை, மகளைத் தமஸ்கில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், பட்டறையைப் பார்க்க ஆளில்லை. துணிக்கடையை என் தம்பியிடம் விட்டுவிட்டு இவர் ஓரோவின் வாசலில் போய் நின்றார். "எனக்குச் சாயம் போடத் தெரியாது. சொன்னதைச் செய்வேன்" என்றார். ஓரோ முதல் மாதம் அவரிடம் பேசவே இல்லை, கையால் காட்டுவாள். சாயத்தைப் பாழாக்கினால் மட்டும் பேசுவாள். "கம்பளியைக் கொல்றீங்க. மெதுவா." பட்டறை அவள் பெயரிலேயே ஓடியது.

ஒரு நாள் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தபோது தமஸ்கிலிருந்து ஒரு பயணி வந்து, வாய்க்கால் உபதேசம் சொன்ன மகான் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். இவர் தொட்டியிலிருந்து கையை எடுக்காமலே, "அவர் செத்துட்டாருங்க. பேரு கெதல்யா. மேற்குச் சரிவுல இருக்காரு" என்றார். பெருமூச்சு இல்லை, கண்ணீர் இல்லை. பயணி சரிவைப் பார்த்து இறங்கிப் போனார். அந்த ஒருவராவது நம்பினாரே என்று எனக்கு இருந்தது. இவர் அவர் போன திசையைக்கூடப் பார்க்கவில்லை.

"இப்பவாவது அவர் மன்னிச்சிருப்பாருன்னு தோணுதா?" என்று கேட்டேன்.

தொட்டியிலிருந்த கம்பளியை ஒரு தரம் புரட்டிவிட்டார். "முதல்லல்லாம் கல்லறைக்குப் போனா 'மன்னிச்சுட்டேன்'னு கேக்குமான்னு காது கொடுத்து நிப்பேன். இப்போ அது நினைப்புல வர்றதில்ல ரெய்னா. அவன் சிரிக்கறது, ஒரு வார்த்தை வராம திக்கி நிக்கறப்போ கண்ணை மூடிக்குவானே, அது... அதெல்லாம்தான் வருது. அவன் இல்லையேன்னு இருக்கு. அவ்வளவுதான்."

மூன்று வருஷம் கோணி கட்டியும் உபவாசம் இருந்தும் கிடைக்காதது அவருக்குக் கிடைத்துவிட்டது போலிருந்தது. ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே ஆள் மண்ணுக்கடியில் இருந்தார்.

கெதல்யா போன நாலாம் வருஷம் ஓரோவின் மகள் தமஸ்கில் பிள்ளை பெற்றாள். ஓரோ அங்கேயே போய்விடுவதென்று முடிவு செய்தாள். கிளம்பும் நாள் காலையில் இவர் மூட்டைகளைக் கழுதைமேல் ஏற்றிக் கட்டினார். அவள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள்.

"வருஷா வருஷம் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கணும். யாரு பாத்துக்கறது?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"நான் பாத்துக்கறேன்."

"கீழ்ப்பக்கம் மழையில உரியும். அங்க ரெண்டு கை போடுங்க."

"சரி."

பிறகு என் பக்கம் வந்தாள். எத்தனையோ பேச இருந்தது. என் கையை ஒரு தரம் பிடித்தாள், விட்டாள். கழுதைக்காரன் அதட்டினான். வடக்குச் சாலை வளைவுவரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.